ஸ்டீரியோ மாட்டினால் ஏசிக்கும் வாரண்டி போய்விடுமா?

கேள்வி: சார், வணக்கம். எங்கள் ஊர் பாலக்கோடு பக்கம். தை மாதம் புது வண்டி எடுத்தோம். பெட்ரோல் எஸ்.யூ.வி., நடு வேரியன்ட். அக்காவை அஞ்செட்டியில் கொடுத்திருக்கிறோம். ராத்திரியில் காட்டு வழியாகத் திரும்பி வர வேண்டியிருக்கிறது, கம்பெனி ஹெட்லைட் வெளிச்சம் பத்தவில்லை. அதனால் பெங்களூர் ஜே.சி. ரோட்டில் 100/90 வாட் பல்ப், பம்பரில் கூடுதலாக இரண்டு லைட், ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, ரிவர்ஸ் கேமரா, 17 இஞ்ச் அலாய் வீல் எல்லாம் மாட்டினேன். இப்போது மூன்று தொந்தரவு. ஏசி கூல் ஆகவில்லை. இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் பேட்டரி இறங்கிவிடுகிறது. குழியில் இறங்கினால் முன்பக்க இடது சக்கரத்தில் டொக் டொக் என்று சத்தம். ஷோரூமில் கேட்டால், “வெளியில் வேலை பார்த்திருக்கிறீர்கள், மொத்த வாரண்டியும் கேன்சல்” என்கிறார்கள். உண்மையா? தொப்பூர் ஏற்றத்தில் வண்டி இழுக்கவும் இல்லை, எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி ரீமேப் செய்யலாமா என்று யோசிக்கிறேன். பம்பருக்கு முன்னால் கிராஷ் கார்டு என்கிற இரும்புக் குழாய்த் தடுப்பு போடச் சொல்கிறார் அப்பா. வாரண்டிதான் போய்விட்டதே, இனி எதைச் செய்தால் என்ன?

பதில்: தம்பி, கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வாரண்டி மொத்தமாகப் போகவில்லை. போய்விட்டது என்று நம்பி ரீமேப்பும் கிராஷ் கார்டும் செய்தீர்கள் என்றால்தான் நிஜமாகவே பெரிய பகுதி போகும். அதனால் இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரை வண்டியில் புதிதாக எதையும் மாட்ட வேண்டாம்.

நான் சொந்தப் பட்டறை வைப்பதற்கு முன்னால் ஒரு சர்வீஸ் சென்டரில் வாரண்டி பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மேஜையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால், உங்களிடம் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பது புரியும். வாரண்டியில் ஒரு பாகத்தை மாற்றினால் அந்தச் செலவு ஷோரூமுடையது அல்ல. கழற்றிய பாகத்துக்கு டேக் கட்டி, படம் எடுத்து, வண்டி ஓடிய கிலோமீட்டர், பழுது, காரணம் எல்லாவற்றையும் எழுதி கம்பெனிக்கு கிளெய்ம் அனுப்புவார்கள். கம்பெனி பணம் கொடுக்கும். பிறகு ஆடிட்டுக்கு ஆள் வரும். ஒரு கிளெய்மில் வெளி ஒயரிங் சம்பந்தப்பட்டிருப்பதை மறைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், கொடுத்த பணத்தை ஷோரூமிடமிருந்து திருப்பிப் பிடித்துக்கொள்வார்கள். இந்தப் பயத்தில்தான் சர்வீஸ் அட்வைசர், வெளி லைட்டைப் பார்த்ததுமே “மொத்தமும் கேன்சல்” என்று வாயால் சொல்லிவிடுகிறார். அவருக்கு அது பாதுகாப்பான பதில். ஆனால் அதை அவர் எழுதித் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும்.

உங்கள் வண்டியோடு வந்த வாரண்டி புத்தகத்தை எடுத்து, எதற்கெல்லாம் வாரண்டி கிடையாது என்ற பக்கத்தை வாசியுங்கள். கம்பெனி அனுமதிக்காத மாற்றத்தால், வெளிப் பாகத்தால் வந்த பழுதுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்ற கருத்தில் வரிகள் இருக்கும். சில கம்பெனிகள் இதை அகலமாக எழுதியிருப்பார்கள், சில குறுக்கி எழுதியிருப்பார்கள். எப்படி எழுதியிருந்தாலும் “இந்த மாற்றத்தால் இந்தப் பழுது வந்தது” என்ற தொடர்பைக் காட்டாமல் மறுப்பது, நுகர்வோர் ஆணையத்தின் முன்னால் நிற்பது கஷ்டம்.

யூடியூபில் சிலர், வெளிப் பாகம் போட்டதற்காக வாரண்டியை மறுக்கவே முடியாது, அதற்குச் சட்டம் இருக்கிறது என்பார்கள். அவர்கள் சொல்வது அமெரிக்காவில் 1975-ல் வந்த மேக்னசன்-மாஸ் சட்டம். அது இங்கே செல்லாது. வாரண்டிக்கென்றே அப்படி ஒரு தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. நமக்கு இருப்பது 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதோடு, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு எதிராகப் போட்ட ஓர் உத்தரவு உண்டு. வெளிப் பட்டறையில் வேலை பார்த்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் வந்த சேதத்தின் அளவுக்குத்தான் மறுக்கலாம் என்பது அதன் சாரம். அந்த உத்தரவு மேல்முறையீடுகளுக்குப் போனது. அது பேசியதும் ரிப்பேர் வேலையைப் பற்றித்தான், நீங்கள் மாட்டிய கூடுதல் சாமான்களைப் பற்றி நேராக அல்ல. ஆனாலும் நியாயம் ஒன்றுதான், உங்கள் கடிதத்தில் அதைக் குறிப்பிடலாம்.

சரி, மூன்று பழுதையும் தனித்தனியாகப் பார்ப்போம். மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஷோரூமில் வைத்ததுதான் உங்களுக்குப் பாதகமாகிவிட்டது.

ஏசி. இதற்கும் ஸ்டீரியோவுக்கும் சம்பந்தம் கிடையாது, அலாய் வீலுக்கும் கிடையாது. ஆனால் பம்பரில் போட்ட லைட்டுக்கு இருக்கலாம். அங்கேதான் கவனம் வேண்டும். ஏசியின் கன்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால், பம்பர் கிரில்லுக்குப் பின்னாலேயே இருக்கிறது. மெல்லிய அலுமினியக் குழாய்கள். லைட்டுக்கு பிராக்கெட் அடிக்கும்போது நீளமான ஸ்க்ரூ போட்டிருந்தாலோ, பிராக்கெட் அதிர்ந்து கன்டென்சரில் உரசிக்கொண்டிருந்தாலோ கேஸ் மெதுவாகக் கசியும். ஆகவே “கேஸ் இல்லை, நிரப்பிவிட்டோம்” என்ற பதிலோடு வண்டியை எடுத்து வராதீர்கள். லீக் எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நைட்ரஜன் அழுத்தம் கொடுத்தோ, சாயம் விட்டு புற ஊதா விளக்கில் பார்த்தோ கண்டுபிடிப்பார்கள். கம்ப்ரசர் சீலிலோ, குழாய் இணைப்பின் ஓ-ரிங்கிலோ, டேஷ்போர்டுக்குள் இருக்கும் எவாப்பரேட்டரிலோ லீக் என்றால் அது முழுக்க கம்பெனியின் பொறுப்பு, ஒரு ரூபாய் நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை. கன்டென்சரில், பிராக்கெட் பக்கத்தில் என்றால் அது உங்கள் செலவு. ஹைவேயில் கல் தெறித்து ஓட்டை விழுந்திருந்தால் வாரண்டியில் வராது, இன்சூரன்ஸில் கேட்டுப் பார்க்க வேண்டும். இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. கேஸ் சரியாக இருந்து கம்ப்ரசர் மட்டும் ஓடாமல் இருந்தால், லைட்டுக்காக ஏசியின் பியூஸிலோ ரிலேயிலோ இருந்து கரண்ட் எடுத்திருக்கிறார்களா என்று பியூஸ் பாக்ஸைத் திறந்து பாருங்கள்.

பேட்டரி. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது பெரும்பாலும் ஸ்டீரியோ வேலை. அதில் மஞ்சள் ஒயர் எப்போதும் பேட்டரியோடு இருக்க வேண்டியது, மெமரிக்காக. சிவப்பு ஒயர் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் இடத்தில் சேர வேண்டியது. ஸ்கிரீன் சீக்கிரம் ஆன் ஆக வேண்டும் என்பதற்காகவோ அவசரத்திலோ சிலர் இரண்டையும் சேர்த்து நேர் கரண்டில் முறுக்கிவிடுகிறார்கள். வண்டியைப் பூட்டிய பிறகும் ஸ்டீரியோ முழுதாகத் தூங்காது. சோதிப்பது எளிது. வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் விட்டு, பேட்டரி நெகட்டிவில் மீட்டரைத் தொடராக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் நல்லது. அரை ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-அவர் போகிறது என்று கணக்கு. 45 ஆம்பியர்-அவர் பேட்டரியில் இரண்டே நாளில் பாதிக்கு மேல் காலி. ஸ்டீரியோவின் பியூஸைப் பிடுங்கியதும் மீட்டர் இறங்கினால் குற்றவாளி அதுதான், மாட்டிய கடையில் ஒயரை மாற்றிக் கட்டச் சொல்லுங்கள். இறங்காவிட்டால், அந்த அளவையே கையில் வைத்துக்கொண்டு ஷோரூமில் பேசலாம். பேட்டரிக்கு வாரண்டி தருவது பெரும்பாலும் கார் கம்பெனி அல்ல, பேட்டரி கம்பெனி. டயரும் அப்படியே. இப்படியே பலமுறை முழுக்க இறங்க விட்டால் பேட்டரி உள்ளே கெட்டுவிடும், அவர்களும் கைவிரிப்பார்கள். இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

சத்தம். இதில்தான் உங்கள் பக்கம் கொஞ்சம் பலவீனம். நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய படத்தில் புது டயரில் 215/60 ஆர் 17 என்று தெரிகிறது. கம்பெனி கொடுத்தது 215/60 ஆர் 16. இதில் 215 டயரின் அகலம் மில்லிமீட்டரில், 60 பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் சக்கரத்தின் இஞ்ச். சக்கரத்தை 1 இஞ்ச் ஏற்றினால் டயரின் பக்கச் சுவரைக் குறைக்க வேண்டும், அதாவது 215/55 போட்டிருக்க வேண்டும். அப்போது மொத்த விட்டம் 664 மில்லிமீட்டரிலிருந்து 668-க்குத்தான் போகும், வண்டிக்கு வித்தியாசமே தெரியாது. உங்களுடையது 690 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட 4 சதவீதம் பெரிது. பொதுவாக 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பார்கள். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது, முன்பு 80-ல் போன வண்டி இப்போது 83-ல் போகிறது. தொப்பூரில் இழுக்கவில்லை என்று எழுதினீர்களே, அதற்கும் முதல் சந்தேகம் இந்த டயர்தான். பெரிய சக்கரம் என்றால் எல்லா கியரும் ஒரு படி நீண்டுவிட்ட மாதிரி ஆகும், அதன் எடையையும் சேர்த்து எஞ்சின் சுழற்ற வேண்டும். சேலத்திலிருந்து ஏறும்போது அது நன்றாகவே தெரியும்.

டொக் டொக் சத்தம் ஸ்டெபிலைசர் லிங்க் ராடிலோ, லோயர் ஆர்ம் புஷ்ஷிலோ, ஷாக் அப்சார்பரின் மேல் மவுன்டிலோ இருக்கலாம். இவை சஸ்பென்ஷன் பாகங்கள், வண்டியின் இந்த வயதில் தேயக் கூடாதவை. பழைய சக்கரங்கள் இருந்தால் நல்லது. ஜே.சி. ரோட்டில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கச் சொல்லிக் கேட்பார்கள், கொடுத்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அவற்றை மாட்டி அதே ரோட்டில் ஓட்டுங்கள். சத்தம் போய்விட்டால், டயர் உள்ளே உரசியிருக்கிறது அல்லது வீலின் ஆஃப்செட் (சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கிறது என்ற அளவு) சரியில்லை, ஷோரூம் மேல் தப்பில்லை. சத்தம் அப்படியே இருந்தால், கம்பெனி சக்கரத்தோடே கொண்டுபோய்க் காட்டுங்கள். “நடுவில் சில மாதம் 17 இஞ்ச் ஓட்டினேன், இப்போது பழையதிலும் சத்தம் வருகிறது” என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஏன் நீங்களே சொல்ல வேண்டும்? ஷோரூமுக்குப் போகும் முன்னால் எல்லாவற்றையும் கழற்றி மறைத்துவிடு என்று நண்பர்கள் சொல்வார்கள். வேண்டாம். போன தடவை வண்டியை உள்ளே எடுத்தபோதே நாலு பக்கமும் படம் எடுத்து ஜாப் கார்டோடு, அதாவது வேலைகளைக் குறித்துக்கொள்ளும் சீட்டோடு, சேர்த்திருப்பார்கள். அந்த ஒரு பொய் பிடிபட்டால், நியாயமான ஏசி கிளெய்மையும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். உங்கள் பலம் நீங்கள் சொல்வது உண்மை என்பதில்தான் இருக்கிறது.

பல்ப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது அதுதான். கம்பெனி பல்ப் 60/55 வாட், முதல் எண் ஹை பீமுக்கு. ஹை பீமில் இரண்டு பல்ப்பும் சேர்ந்து 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். நீங்கள் போட்டது கிட்டத்தட்ட 17 ஆம்பியர். ஒயர், சுவிட்ச், பல்ப் ஹோல்டர் எல்லாம் 10-க்கு ஏற்றபடி செய்தவை. ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் கருகும். அந்த ஹெட்லைட் அசெம்பிளிக்கும் அதன் ஒயரிங்குக்கும் வாரண்டி கேட்டால் யாரும் தர மாட்டார்கள், தராததும் நியாயமே. வாரண்டி மேஜையில் நான் பார்த்த மறுப்புகளில் வெட்டிய ஒயர்தான் முக்கியக் காரணம். ஒயரிங் ஹார்னஸ் முழு வண்டிக்கும் ஒரே பின்னலாக ஓடுகிறது. ஓரிடத்தில் தோலைச் சீவி இன்னொரு ஒயரை முறுக்கி டேப் சுற்றினால், நாளைக்கு ஏர்பேக் விளக்கு எரிந்தால்கூட அந்த இடத்தைத்தான் காட்டுவார்கள். ரிவர்ஸ் கேமராவுக்குப் பின்லைட் ஒயரை வெட்டினார்களா, கப்ளரில் செருகினார்களா என்று டிக்கி உள் கவரைக் கழற்றிப் பாருங்கள்.

இந்த வாரமே பழைய 60/55 பல்ப்பைத் திருப்பிப் போடுங்கள். ஹெட்லைட் விழும் உயரத்தைச் சரிபார்த்து அட்ஜஸ்ட் செய்யுங்கள், பாதி வெளிச்சக் குறைக்கு அதுதான் காரணமாக இருக்கும். பம்பர் லைட் வேண்டுமென்றால் பேட்டரியிலிருந்து தனி ஒயர், தனி பியூஸ், தனி ரிலே என்று, கம்பெனி ஒயரைத் தொடாமல் எடுக்கச் சொல்லுங்கள். பிராக்கெட் கன்டென்சரிலிருந்து விலகி இருக்க வேண்டும். எதிரில் வண்டி வந்தால் அணைத்துவிடுங்கள். அஞ்செட்டி வழியில் யானை நிற்கும் இடங்களில் எவ்வளவு வாட் போட்டாலும் 30, 40-ல் போவதுதான் உங்களைக் காப்பாற்றும்.

இனி ஷோரூமில் செய்ய வேண்டியது. மூன்று பழுதுக்கும் மூன்று தனி வரியாக ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால், எந்தப் பாகம், எந்த மாற்றத்தால் கெட்டது என்பதை அதிலேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் சண்டை போடாமல் வீட்டுக்கு வந்து, அன்றைக்கே கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு மெயில் அனுப்புங்கள். சேசிஸ் எண், ஜாப் கார்டு எண், அட்வைசர் சொன்ன வார்த்தை, நீங்கள் மாட்டியவற்றின் பட்டியல், பில்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். கம்பெனியின் ஏரியா சர்வீஸ் மேனேஜர் நேரில் பார்த்து முடிவு சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். மறுப்பில் கடைசி வார்த்தை கம்பெனியுடையதே தவிர டீலருடையது அல்ல, பாதிப் பிரச்சினைகள் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வண்டியை கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ எடுத்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் தருமபுரி மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 2019 சட்டம் அந்த வசதியைக் கொடுத்திருக்கிறது. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். கட்டணம் வண்டிக்குக் கொடுத்த விலையைப் பொறுத்தது. 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை என்றால் 400 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. பழுதின் காரணத்தில் தகராறு என்றால் ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்லும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு.

ரீமேப் வேண்டாம். எஞ்சின், டர்போ, கிளட்ச், கியர்பாக்ஸ் நான்குக்கும் வாரண்டியை ஒரே நாளில் இழக்கும் வழி அது. பழைய மென்பொருளைத் திருப்பி ஏற்றினாலும் பல வண்டிகளின் ஈ.சி.யூ., அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர், எத்தனை முறை எழுதப்பட்டது என்பதை வைத்திருக்கும், கம்பெனி ஸ்கேனரில் தெரிந்துவிடும். இங்கே கம்பெனி தொடர்பைக் காட்டக் கஷ்டப்படவே தேவையில்லை, எஞ்சினின் வேலையையே நீங்கள் மாற்றியிருப்பீர்கள். முதலில் சரியான டயரைப் போட்டு, தொப்பூரில் ஒரு கியர் குறைத்து ஏறிப் பாருங்கள்.

அப்பாவிடம் கிராஷ் கார்டு வேண்டாம் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். ஆடு மாடு குறுக்கே வரும் ரோட்டில் ஓட்டுபவர், அவர் பயம் நியாயமானது. ஆனால் மோதும்போது முன்பகுதி நசுங்கி வேகத்தை வாங்கிக்கொள்ளும்படிதான் வண்டியைச் செய்திருக்கிறார்கள், ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்பதும் அந்த நசுங்கலை வைத்துத்தான். நடுவில் இரும்புக் குழாய் வந்தால் அந்தக் கணக்கு தவறிப்போகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை மீறுவதாகச் சொல்லி, இவற்றின் மேல் நடவடிக்கை எடுக்க 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. விதியை மீறிய மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும்கூட, என்று 2019 திருத்தம் சொல்கிறது. ஏர்பேக் சரியாக விரிய வேண்டும் என்பதற்காகவே, சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால் அதை மூடும் சீட் கவரும் போடாதீர்கள்.

மாட்டியவற்றின் பில்களோடு இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு கடிதம் கொடுத்து பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். கொஞ்சம் பிரீமியம் கூடும். சேர்க்காமல் விட்டு நாளைக்கு ஒயரிங்கில் தீப்பிடித்தால், வாரண்டியும் இன்சூரன்ஸும் ஒன்றையொன்று கை காட்டும். ஷோரூமிலேயே ஆக்சசரி வாங்குவதாக இருந்தாலும் பில்லில் கம்பெனியின் பார்ட் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். வெளி மார்க்கெட் சாமானை வாங்கி வைத்து விற்கும் ஷோரூம்களும் உண்டு.

ஏசி லீக் எந்த இடத்தில் என்று தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள். கன்டென்சர் என்று சொன்னால், பிராக்கெட்டும் ஓட்டையும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து அனுப்புங்கள்.